ஊரும் நகரமும் – 9: நீங்க யாரு ஊட்டுப் பையன்?

ஈரோடு, நாமக்கல், கோவைப் பக்கத்துச் சிறு ஊர்களில் புதிதாக ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், கிளாஸ் கைக்கு வருவதற்குள் கேள்வி வந்துவிடும். “தம்பிக்கு எந்த ஊருங்க?” ஊர்ப் பெயரைச் சொன்னால், “அங்க எந்தப் பக்கம்?” தெருவைச் சொன்னால், “யாரு ஊட்டுப் பையன்?” அப்பா பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசனை. அதிலும் பிடிபடவில்லை என்றால், “கும்பிடற கோயல் எதுங்க?” நாலாவது பதில் வந்ததும் கேட்டவர் முகம் தெளிந்துவிடும். இவனைத் திண்ணையோடு நிறுத்துவதா, ஆசாரத்துக்குள் விடுவதா, எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் முடிவாகியிருக்கும். சாதி என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்ததும் அப்படியொரு பேரூராட்சியில்தான். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு சந்தை, இரண்டு தியேட்டர், ஒரு மாரியம்மன் கோயில். இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் அந்த ஊரின் அருமையை எழுதினேன். வீட்டில் ஒரு சாவு என்றால் நாம் வாய் திறப்பதற்குள் பந்தல் போட்டுவிடுவார்கள். மூன்று நாளைக்கு அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். தெருவே சோறு கொண்டுவரும். அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தச் சோற்றைக் கொண்டுவருகிற அதே கை இன்னொன்றையும் செய்யும். அதை எழுதாமல் விட்டால் இந்தத் தொடர் பாதிப் பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன மின்விசிறி. கதவைச் சாத்திக்கொண்டால் பேசுவது வெளியே கேட்காது என்றுதான் எல்லோரும் நம்பினோம். கேட்கும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெளிவாகவே கேட்கும். பள்ளியில் என்னோடு படித்த பெண் ஒருத்தி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த பூத்திலிருந்து யாரிடமோ ஏழெட்டு நிமிஷம் பேசினாள். என்ன பேசினாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவள் அப்பா டீ குடிக்க வந்தபோது பூத்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பில் வந்த காகிதச் சுருளைக் காட்டினார். எண், நேரம், நிமிஷம், தொகை எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே போகவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம் முடிந்தது. தாய்மாமன் முறையில் ஒருவர்; வயது வித்தியாசம் பதினான்கு.

பல வருஷம் கழித்து அந்த பூத்காரரிடம் இதைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் பதறவே இல்லை. “நம்ம ஊட்டுப் புள்ள மாதிரிங்க தம்பி, கெட்டுப்போகக் கூடாதுன்னு நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்; அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்களில் ஒருவர். எனக்கு ஆறாமல் இருப்பதே அதுதான். ஒருத்தியின் படிப்பு நின்றுபோனது. நிறுத்தியவர் மனசில் இம்மியளவு உறுத்தல் இல்லை, ஊரிலும் ஒருவருக்கும் இல்லை. அன்றைக்கு எனக்குமே இல்லை.

இப்போது பூத் போய் செல்போன் வந்துவிட்டது, காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள் ஒருநாள் எங்கள் ஊர் மெடிக்கல் முன்னால் நின்று பார்க்கவேண்டும். கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கவோ, தூக்க மாத்திரைச் சீட்டைக் காட்டவோ உள்ளூர்க்காரர் யாரும் அந்தக் கடைக்குப் போவதில்லை. பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்குப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இங்கே வருகிறார்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதென்றால் இரண்டு மாவட்டம் தாண்டினால்தான் நிம்மதி. போன வருஷம் ஒரு அக்கா சொன்னார்: “பையனுக்கு மூணு வருசமா வைத்தியம் பாக்கறேன் கண்ணு. மாசாமாசம் கோயலுக்குப் போறோம்னுதான் ஊருக்குச் சொல்லியிருக்கறேன்.” மாத்திரைப் பட்டையின் மேல் உறையைப் பிரித்து பஸ்ஸிலேயே போட்டுவிட்டு, மாத்திரைகளை விபூதிப் பொட்டலத்தோடு சுருட்டிக் கைப்பையில் கொண்டுவருவாராம். நோயோடு போராடுவதற்குச் சமமான பாடு, நோயை மறைப்பதற்கும் படவேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் இருபது வயதில் நான் சென்னைக்குப் போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், பத்துக்குப் பத்து அறை, மூன்று பேர். முதல் வாரம் மெஸ்ஸில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “சாப்பாடா, டிபனா?” எந்த ஊர், யாரு ஊட்டுப் பையன், ஒன்றும் கிடையாது. அந்த வாரம் எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. முதுகில் யாரோ கண் வைத்திருப்பதுபோன்ற உணர்வு பிறந்ததிலிருந்தே எனக்கு இருந்திருக்கிறது. அது நின்றுபோனபோதுதான் அது இருந்ததே தெரிந்தது.

நகரத்தின் இருட்டும் எனக்குத் தெரியும். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் சென்னையிலும் சுற்றிவளைத்துச் சாதி விசாரிப்பார்கள், “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” என்பது அதற்கு வைத்த பெயர். 2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் இளம்பெண் ஒருத்தி வெட்டிக் கொல்லப்பட்டாள். அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் தடுக்கவில்லை. உடல் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்ததைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. முன்பின் அறியாதவர்களின் கூட்டம் எவ்வளவு கொடியது என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக. மனைவி கௌசல்யாவுக்கும் வெட்டு, அவர் பிழைத்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது, ஒரு கேமரா பதிவு செய்திருந்ததால். உடுமலை நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. எங்கள் ஊரைப் போலத்தான், கொஞ்சம் பெரியது. கொலை நடந்த பின் அந்தப் பக்கத்து டீக்கடைகளில் பேச்சு எப்படிப் போனது தெரியுமா? “வெட்டுனது தப்புத்தான், ஆனா அந்தப் புள்ளயும்…” என்று ஆரம்பித்து இழுப்பார்கள். நுங்கம்பாக்கம் கொலைக்கு ‘ஆனா’ போட்டுப் பேசியவர்கள் உண்டு, ஆனால் அவர்களோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து டீக்கடையில் அந்தச் சண்டையைப் போடுகிறவன் மறுநாள் அதே பெஞ்சில் உட்கார முடியாது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் சென்னையும் கோவையும் மட்டும் இல்லை. 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டவை 490 பேரூராட்சிகள், 138 நகராட்சிகள். இவற்றில் பெரும்பாலானவை சாலை, குழாய் விஷயத்தில்தான் நகரம். தெரு எப்படிப் பிரிந்திருக்கிறது, சுடுகாடு எத்தனை என்று பார்த்தால் கிராமமே. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களுக்கு எதிராக நின்று, அது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவெறியும் தேங்கிக் கிடக்கும் இடம் என்று வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னார். பலருக்கும் அது உறைத்தது. ஊரின் நடுத்தெருவிலிருந்து பார்த்தால் உறைக்கும்தான். அவர் பார்த்தது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியிலிருந்து.

இனி திருச்செங்கோட்டுக்கு வருகிறேன். அந்த ஊரைச் சொல்லாமல் இந்த விஷயத்தை என்னால் எழுத முடியாது.

இந்தியாவில் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த ரிக் லாரியில் திருச்செங்கோடு என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உழைப்பாளிகளின் ஊர். 1925-ல் ராஜாஜி பக்கத்திலிருக்கும் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று வேலை செய்த மண். மலைமேல் அர்த்தநாரீசுவரர், ஒரே உடம்பில் ஆண் பாதி, பெண் பாதி. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். சிவப்புக் கல்லின் சூடு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

2015-ஆம் வருஷம் அந்த ஊரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, முந்தைய டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் உச்சத்துக்குப் போனது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-லேயே வந்த நாவல். நாலு வருஷம் புத்தகக் கடையில் அமைதியாக இருந்தது. திடீரென்று, அது ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று கிளம்பினார்கள். நகலெடுத்துப் பக்கங்களை வீடுவீடாகக் கொடுத்தார்கள், புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. எழுதியவர் எங்கிருந்தோ வந்தவர் இல்லை, அதே மண்ணில் பிறந்து நாமக்கல் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். கடையடைத்தவர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அவரிடம் தமிழ் படித்திருப்பார்கள். அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு, மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அதன்பின் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு, மாற்றல் வாங்கிச் சென்னைக்குப் போய்விட்டார். 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் மறுபடி எழுத வரட்டும் என்றது. தீர்ப்பும் சென்னையில், அடைக்கலமும் சென்னையில்.

இரண்டாவது அதே வருஷம் ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த இளைஞர் கோகுல்ராஜ், பொறியியல் முடித்தவர், தலித் குடும்பம். கூடப் படித்த தோழியோடு அதே மலைக்கோயிலுக்கு வந்தார். பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு கும்பல் வந்து பெயர், ஊர், சாதி விசாரித்தது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் டீக்கடையில் கேட்ட அதே கேள்விகள்தான். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் ஒன்றாய் நிற்கிற சாமியின் சந்நிதியில் ஒரு பையனும் பெண்ணும் பேசியதற்கு அந்தத் தண்டனை.

வழக்கு நடந்த விதத்தைக் கவனியுங்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கூடவே இருந்த தோழியும் பிறழ் சாட்சியானார். பிறகு உயர் நீதிமன்றத்தில், கேமராக் காட்சியில் இருப்பது தானே இல்லை என்றுகூடச் சொன்னார். அவர்மேல் கல்லெறிய எனக்கு மனசில்லை. அந்தப் பெண் தினமும் வாழவேண்டிய வீடும் தெருவும் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாய் மன்றாடி, 2019-ல் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில், அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கிய யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் குற்றவாளிகள் என்று மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் தாங்களே அந்த மலைக்கோயிலுக்குப் போய்க் கேமரா இருந்த இடங்களை நேரில் பார்த்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் கோயிலில் அர்ச்சனைத் தட்டு விற்றவர்கள், பூக்கட்டியவர்கள், செருப்புக்குக் காவல் இருந்தவர்கள், சாமி கும்பிட வந்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கும்பலைப் பார்த்திருப்பார்கள்! வழக்கைத் தாங்கி நின்றது கேமரா. அதற்கு அந்த ஊரில் சம்பந்தி வீடு கிடையாது, கடன் பாக்கி கிடையாது, கல்யாண வயதில் பெண் கிடையாது.

சிறு ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். கையை ஓங்கியவன் பலசாலியாகவும் அடிபட்டவன் எளியவனாகவும் இருந்துவிட்டால், அந்தத் ‘தெரிந்தவர்கள்’ ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரண்டு பக்கத்தையும் அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான் சாத்துகிறார்கள்.

பொள்ளாச்சியில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். தென்னந்தோப்பும் மாட்டுச்சந்தையும் சினிமாப் படப்பிடிப்புமாக நமக்குத் தெரிந்த அந்த அழகான ஊரில், ஒரு கும்பல் பெண்களோடு பழகி, வரவழைத்து, பலாத்காரம் செய்து, அதை வீடியோவும் எடுத்து மிரட்டிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தபிறகுதான் வெளியே வந்தது. அந்தக் கும்பலுக்குக் கத்தி, துப்பாக்கி தேவைப்படவில்லை. “ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஊருக்குத் தெரிஞ்சா?” என்ற பயமே போதும். அந்தப் பயத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. நாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்திருந்தோம், அவர்கள் எடுத்துச் செலவழித்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் காகிதச் சுருளைக் காட்டிய அந்த நல்ல மனுஷரையும் நான் இங்கே சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

புகார் கொடுத்த பெண்ணின் அண்ணன் தாக்கப்பட்டார். யாருக்கும் தெரியக்கூடாத அவள் பெயரை மாவட்டக் காவல்துறையின் உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். பிறகு வந்த அரசாணையிலும் பெயர் இருந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. கோவை மகளிர் நீதிமன்றத்தில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. இந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. திருச்செங்கோட்டில் ஊர் செய்யாததைப் பொள்ளாச்சியில் பேர் தெரியாத சில பெண்கள் செய்தார்கள்.

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. போலீஸ் காவல் உண்டு, வேறு இடத்தில் குடிவைக்க வழி உண்டு, தேவைப்பட்டால் அடையாளத்தையே மாற்றிக் கொடுக்கலாம். வேண்டிய திட்டம். ஆனால் சாட்சி சொன்னவரின் மளிகைக் கடைக்கு மறுநாளிலிருந்து யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை கொடுத்தும் பந்தியில் இலை காலியாகக் கிடந்தால், அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் பஸ் ஸ்டாண்டிலேயே ஒருவர் நின்று ‘அந்தக் குடும்பமா…’ என்று இழுத்தால், எந்தக் கோர்ட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் செய்கிறவர்கள் நாம்தான். நிறுத்த முடிகிறவர்களும் நாம்தான்.

ஆகவே, சிறு ஊர்களிலிருந்து இந்தத் தொடரைப் படித்துக் கடிதம் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் ஒரு குற்றத்துக்கு எதிராக யாராவது வாய் திறந்திருந்தால், நீங்கள் மேடை ஏறவேண்டாம், கொடி பிடிக்கவேண்டாம். நாளைக் காலையில் அவர் கடைக்குப் போய் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்குங்கள். நாலு பேர் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.

(தொடரும்)